எந்த விலை, யாருடைய முகவரி?

ஜன்னலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா, எதிரில் நிற்பவர் நீட்டும் ரசீதையும் தம் முன்னால் ஒளிரும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டரில் இப்படித்தான் வருகிறது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாரானால், அதற்கு மேல் வாதாட நம் ஜனங்களுக்கு வழியில்லாமல் போய்விடுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. திரையில் உள்ளதைத்தான் சொல்கிறார். யந்திரமும் கூட்டலிலோ பெருக்கலிலோ தவறுவதில்லை. ஆயினும் ரசீதில் ஒரு தொகையும் திரையில் வேறொரு தொகையும் இருக்கின்றனவென்றால், எங்கோ ஒருவர், வெவ்வேறான இரண்டு விஷயங்களுக்கு ஒரே பெயரை இட்டுவிட்டு, அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்காமலே வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கிறார் என்பதே அநேக சந்தர்ப்பங்களில் அதற்குக் காரணமாக இருக்கிறது. பல அட்டவணைகளிலிருந்து விவரங்களைத் திரட்டி ஒரே படிவத்தில் காட்டும்போது அந்தப் படிவத்தின் ஒவ்வொரு புலத்துக்கும் என்ன பெயர் இடுவது என்பதை, நிரல் எழுதுகிறவர்களின் சொந்த சௌகரியத்துக்கு விட்டுவிடத் தக்க அற்ப விஷயமாக நாம் இதுவரை நினைத்து வந்திருக்கிறோம். அது பொதுஜனங்களின் பணத்தையும் முகவரியையும் நேரே தொடுகிற விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தத் துறையில் பழக்கமில்லாதவர்களுக்காகச் சிறிது விளக்கிச் சொல்ல வேண்டும். ஒரு வியாபார ஸ்தாபனத்தின் விவரங்களையெல்லாம் ஒரே பெரிய அட்டவணையில் எழுதி வைத்தால், ஒரு வாடிக்கையாளரின் முகவரியை அவர் சரக்கு வாங்கிய ஒவ்வொரு தடவையும் திரும்பத் திரும்ப எழுத நேரும்; அவர் வீடு மாறினால் அத்தனை இடங்களிலும் திருத்த நேரும்; ஓரிடம் விட்டுப்போனாலும் எது சரியான முகவரி என்று தெரியாமல் போகும். இம்மாதிரியான தொல்லைகளுக்குப் பரிகாரம் காணும் மார்க்கத்துக்கு அஸ்திவாரம் இட்டவர், ஐபிஎம் நிறுவனத்தின் ஸான் ஹோஸே ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்த எட்கர் காட். 1970ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் வெளியிட்ட ஒரே கட்டுரையிலிருந்துதான் இன்றைய தரவுத்தளங்களில் மிகப் பெரும்பாலானவை பிறந்தன என்று சொன்னால் அது மிகையாகாது. வாடிக்கையாளர் ஓர் அட்டவணையில், ஆர்டர் இன்னொன்றில், சரக்கு வேறொன்றில் என்று பிரித்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதற்கு வினவல் என்று ஒரு சாதனம் ஏற்பட்டது. தொழிலில் இருப்பவர்கள் அதை 'குவெரி' என்பார்கள். அந்த வினவலின் மீது எழுப்பப்படும் திரைப் படிவம்தான் குமாஸ்தாவின் முன்னால் இருக்கும் 'ஃபார்ம்'. அதிலுள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு 'ஃபீல்டு', அதாவது ஒரு புலம்.

கீழத்தெருவுக்குள் முருகன் என்று கூப்பிட்டால் போதும், ஒருவர்தான் திரும்பிப் பார்ப்பார். தேர்த் திருவிழாவன்று எல்லாத் தெருக்காரர்களும் ஒன்று கூடுகிற இடத்தில் 'கீழத்தெரு முருகன்' என்று சொன்னால்தான் காரியம் நடக்கும். தனித்தனி அட்டவணையில் இருக்கும்வரை 'பெயர்', 'தேதி', 'விலை', 'எண்' என்ற ஒற்றைச் சொற்கள் யாரையும் ஏமாற்றுவதில்லை. அட்டவணைகளைச் சேர்த்து ஒரே படிவத்தில் நிறுத்துகிற அந்தத் தருணத்தில்தான் சங்கடம் தொடங்குகிறது.

இதற்கு ஒரு பிரசித்தமான திருஷ்டாந்தம் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருள் 1992இல் வெளிவந்தது. அதனுடன் பயிற்சிக்காக அளிக்கப்பட்டு வந்த நார்த்விண்ட் என்ற மாதிரித் தரவுத்தளம், உணவுப் பொருள்களை வாங்கி விற்கும் ஒரு கற்பனை வியாபாரக் கம்பெனியின் கணக்குகளைக் கொண்டது. உலகம் முழுவதிலும் எத்தனையோ மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் இந்த வித்தையைக் கற்றார்கள். அதில் சரக்கு அட்டவணையில் 'யூனிட்பிரைஸ்' என்ற ஒரு புலம் இருக்கிறது. ஆர்டரின் உட்பிரிவுகளை வரிவரியாக எழுதும் அட்டவணையிலும் அதே 'யூனிட்பிரைஸ்' இருக்கிறது. முதலாவது, அந்தச் சரக்கின் இன்றைய விலை. இரண்டாவது, அந்த ஆர்டர் கொடுக்கப்பட்ட நாளில் உண்மையில் விற்ற விலை. விலைவாசி ஏறினாலும் பழைய பில் மாறக்கூடாது என்ற நியாயமான உத்தேசத்துடன்தான் அதை இரண்டு இடங்களில் வைத்தார்கள். அதில் குற்றமே இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்ததுதான் குற்றம்.

அந்தக் குற்றம் என்ன விளைவிக்கும் என்பதைப் பரவலாக வழங்கும் பதிப்பிலுள்ள முதல் ஆர்டரிலேயே பார்த்துவிடலாம். அதன் எண் 10248. தேதி 1996 ஜூலை 4. வாங்கியவர் பிரான்ஸ் தேசத்தின் ரைம்ஸ் நகரத்தைச் சேர்ந்த ஒரு மதுபான வியாபாரி. மூன்று சரக்குகள்: கேசோ கப்ராலெஸ் என்ற பாலாடைக்கட்டி 12, விலை 14, ஹொக்கியன் வறுத்த மீ 10, விலை 9.80, மொசரெல்லா 5, விலை 34.80. தள்ளுபடி எதுவும் இல்லை. கூட்டிப் பார்த்தால் 440 டாலர். இப்போது, படிவத்தைக் கட்டுகிறவர் வினவலில் ஆர்டர் உட்பிரிவு அட்டவணையின் விலைக்குப் பதிலாகச் சரக்கு அட்டவணையின் விலையை இழுத்து வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு அட்டவணையில் கேசோ கப்ராலெஸ் 21. வறுத்த மீ 14. மொசரெல்லா மட்டும் அதே 34.80. கூட்டுத்தொகை 566 ஆகிறது. யந்திரம் எந்த எச்சரிக்கையும் செய்யாது. கட்டத்தின் மேலே 'யூனிட்பிரைஸ்' என்றே இருக்கும். பெருக்கலும் கூட்டலும் ஒரு காசு பிசகாமல் இருக்கும். வாடிக்கையாளர் தலையில் 126 டாலர் அதிகமாக ஏறியிருக்கும். அவர் பழைய ரசீதை எடுத்துக்கொண்டு வந்தால், "கம்ப்யூட்டரில் இப்படித்தான் வருகிறது".

இதைவிட விபரீதமான ஒன்றும் உண்டு. வினவல்களை எழுதும் மொழியாகிய எஸ்க்யூஎல்லின் 1992ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தில் 'நேச்சுரல் ஜாயின்' என்ற ஓர் இணைப்பு முறை சேர்க்கப்பட்டது. அக்சஸில் அது கிடையாது, வேறு சில தரவுத்தளங்களில் உண்டு. இரண்டு அட்டவணைகளிலும் பெயர் ஒன்றாக உள்ள புலங்களையெல்லாம் அதுவே தேடிக் கண்டுபிடித்து, அவற்றின் மதிப்பு ஒன்றாக இருக்கும் வரிகளை மாத்திரம் சேர்த்துக் கொடுக்கும். சரக்கு எண் இரு அட்டவணைகளிலும் ஒரே பெயரில் இருப்பதால் அதை வைத்து இணைப்பது சரி. ஆனால் விலையும் ஒரே பெயரில் இருக்கிறதே! ஆகையால் அன்று விற்ற விலையும் இன்றைய விலையும் சமமாக இருக்கும் வரிகள்தாம் தேறும். 10248ஆம் ஆர்டரில் மொசரெல்லாவைத் தவிர மற்ற இரண்டு சரக்குகளும் சப்தமில்லாமல் மறைந்துபோய், பில் 174 டாலரில் நின்றுவிடும். பெயர் என்பது வெறும் அடையாளச் சீட்டுத்தானே என்று அலட்சியமாகப் பேசுகிறவர்கள், இரண்டு வரிகளை விழுங்கிவிடும் இந்த வினவலைச் சிந்தித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

அக்சஸில் நடப்பது வேறு விதம். வினவலில் ஒரே ஒரு 'யூனிட்பிரைஸ்' இருக்கும்வரை அது அட்டவணையின் பெயர் ஒட்டாமல் தனியாகவே வெளிவரும். படிவத்தின் கட்டமும் அந்தப் பெயரையே நம்பிக் கட்டப்பட்டிருக்கும். சில மாதங்கள் கழித்து யாரோ ஒருவர் நல்லெண்ணத்துடன் சரக்கு அட்டவணையின் விலையையும் அதே வினவலில் சேர்க்கிறார். அந்த க்ஷணத்திலேயே இரண்டு விலைகளும் தத்தம் அட்டவணையின் பெயரை முன்னால் தாங்கிக்கொண்டு வேறு பெயராகிவிடுகின்றன. பழைய பெயரை நம்பியிருந்த கட்டத்தில் '#நேம்?' என்ற எழுத்துக்கள் தோன்றுகின்றன. அறிக்கையிலோ வினவலிலோ இதேபோல் தெரியாத பெயர் அகப்பட்டால், யந்திரம் அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு, மதிப்பைத் தட்டச்சு செய்யும்படி ஒரு சிறு பெட்டியைத் திறக்கிறது. வரிசையில் ஆட்கள் காத்திருக்கும்போது குமாஸ்தா என்ன செய்வார்? எதையும் இடாமல் ஓகேயை அழுத்திவிட்டு மேலே போவார். சில நாட்களில் அது அந்தக் காரியாலயத்தின் வழக்கமாகவே ஆகிவிடும். புதிதாக வேலைக்குச் சேருகிறவருக்கும், "அந்தப் பெட்டி வந்தால் ஓகே கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

காட் இந்த ஆபத்தை ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவரிடத்தில் உள்ள மதிப்பு பன்மடங்காகிறது. 1970ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, ஒரு யந்திரத்தின் பாகங்களையும் அந்தப் பாகங்களின் உட்பாகங்களையும் குறிக்கும் ஓர் உறவை, அதாவது ஓர் அட்டவணையை, அவர் உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். இரண்டு பத்திகளும் பாகங்களைப் பற்றியவையே; ஒன்று மேலானது, மற்றொன்று அதற்குள் அடங்கியது. இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவையாதலால், அவற்றை அவை வகிக்கும் பாத்திரத்தைக் காட்டும் பெயரால் வேறுபடுத்த வேண்டும் என்று அவர் எழுதினார். நார்த்விண்டைச் செய்தவர்களும் இந்தப் பாடத்தை முற்றிலும் மறந்தவர்கள் அல்லர். ஊழியர் அட்டவணையில் ஒருவருடைய மேலதிகாரியின் எண்ணை எழுதும் புலத்துக்கு 'ரிப்போர்ட்ஸ்டு' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த மாத்திரத்திலேயே அது இன்னாருக்கு இன்னார் கீழ்ப்பட்டவர் என்பதைச் சொல்லிவிடுகிறது. அதே கையால்தான், சரக்கை ஏற்றிச் செல்லும் கம்பெனியின் எண்ணை அதன் சொந்த அட்டவணையில் 'ஷிப்பர்ஐடி' என்றும் ஆர்டர் அட்டவணையில் 'ஷிப்வியா' என்றும் எழுதியிருக்கிறார்கள். பொருள் ஒன்று, பெயர் இரண்டு. விலையில் செய்த பிழையை இங்கே தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். வாடிக்கையாளர், சரக்கு கொடுப்பவர், ஏற்றிச் செல்பவர் ஆகிய மூவரின் அட்டவணைகளிலும் 'கம்பெனிநேம்' என்றே இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளுக்காக அமைத்த நார்த்விண்டில், பில்லுக்கான வினவலை எழுதியவர் இதைக் கண்டுகொண்டு, வாடிக்கையாளரின் கம்பெனிக்குக் 'கஸ்டமர்நேம்' என்றும் ஏற்றிச் செல்லும் கம்பெனிக்கு 'ஷிப்பர்நேம்' என்றும் மாற்றுப்பெயர் கொடுத்திருக்கிறார். செய்ய வேண்டிய இடத்தில் செய்யப்பட்ட காரியம் இது. அட்டவணைகளை ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. அவற்றை நம்பி எத்தனையோ நிரல்கள் இருக்கும். ஆனால் அட்டவணைகள் சேரும் வாசலாகிய வினவலில் ஒரு மாற்றுப்பெயர் எழுதுவதற்கு ஒரு நிமிஷம் போதும்.

விலையைவிட முகவரி விஷயத்தில்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன், ஏனென்றால் அங்கே பிழை காட்டுவதோடு நிற்பதில்லை, எழுதியும் விடுகிறது. பல அட்டவணைகளைச் சேர்த்த வினவலின் வழியாகத் திருத்தங்களைச் செய்ய அக்சஸ் பெரும்பாலும் இடம் கொடுக்கிறது. அது அந்த மென்பொருளின் பெரிய சௌகரியமாகவே பேசப்படுகிறது. ஆர்டர் படிவத்தில் 'முகவரி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர், "இந்தத் தடவை மட்டும் சரக்கை என் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்கிறார். குமாஸ்தா அந்தக் கட்டத்தில் மைத்துனரின் முகவரியை அடிக்கிறார். அந்தக் கட்டம் வாடிக்கையாளர் அட்டவணையிலிருந்து வந்ததாக இருந்தால், அந்த மனிதரின் நிரந்தர முகவரியே அந்த நிமிஷத்தில் மாறிப்போகிறது. அவருடைய பழைய ஆர்டர்கள் எல்லாவற்றிலும் மைத்துனர் வீடே தெரிகிறது. அடுத்து அனுப்பும் கடிதம், நோட்டீஸ், பாக்கிக் கணக்கு எல்லாம் அங்கேயே போய்ச் சேருகின்றன. நார்த்விண்டில் இதற்கு விவேகமான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆர்டர் அட்டவணையிலேயே 'ஷிப்அட்ரஸ்', 'ஷிப்சிட்டி' என்று தனிப் பெயர்களில் புலங்கள் அமைத்து, வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்ததும் அவருடைய முகவரியை அங்கே பிரதி செய்கிறார்கள். அதைத் திருத்தினால் அந்த ஆர்டருக்கு மட்டுமே பாதிப்பு. 'ஷிப்' என்ற அந்தச் சின்னஞ்சிறு முன்னொட்டு ஒரு மனிதரின் தபால் தவறான வீட்டுக்குப் போகாமல் காப்பாற்றுகிறது.

வாடிக்கையாளர் எண்ணிலும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. 'கஸ்டமர்ஐடி' இரண்டு அட்டவணைகளிலும் இருக்கிறது. இங்கே பொருளும் ஒன்றே, ஆகவே பெயர் ஒன்றாக இருப்பது நியாயம். ஆயினும் வினவலில் எந்த அட்டவணையின் கஸ்டமர்ஐடியை வைக்கிறோம் என்பது முக்கியமானது. ஆர்டர் அட்டவணையில் உள்ளதை வைத்தால், எண்ணை இட்டவுடன் பெயரும் ஊரும் தாமாகவே வந்து நிரம்பும். வாடிக்கையாளர் அட்டவணையில் உள்ளதை வைத்துவிட்டால் அப்படி நடவாது. ஒரு புது வாடிக்கையாளரைப் பதிவு செய்வதாக யந்திரம் எண்ணிக்கொண்டு, அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுத்துவிடும். பெயரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பொருள் ஒன்றானாலும் ஸ்தானம் வேறு என்பதைக் குறிக்க, 'ஆர்டரின் வாடிக்கையாளர் எண்' என்று மாற்றுப்பெயரில் எழுதி வைத்தால் பின்னால் வருகிறவர் பிழைத்துப்போவார்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, அது அற்பமானதன்று. அட்டவணையின் பெயரே 'வாடிக்கையாளர்' என்றிருக்கும்போது உள்ளே மறுபடியும் 'வாடிக்கையாளர் பெயர்' என்று எழுதுவது அநாவசியமான நீட்டல் என்றும், சுருக்கமே அழகு என்றும் சொல்லும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். அட்டவணையையே நேராகப் பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு அவர்கள் சொல்வது சரி. படிவத்தின் முன் உட்காருகிறவர் அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. அவரிடம் வந்து சேருவதற்குள் அட்டவணையின் பெயர் உதிர்ந்துபோய், 'பெயர்' மட்டும் மிஞ்சுகிறது. சுருக்கத்துக்கு ஒரு காலத்தில் யந்திரமே நிர்ப்பந்தமாக இருந்தது என்பதும் உண்மை: டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளின் காலத்தில் புலத்தின் பெயர் 10 எழுத்துக்களைத் தாண்டக்கூடாது, ஆரக்கிள் என்ற தரவுத்தளத்தில் நெடுங்காலம் 30 என்ற வரம்பு இருந்தது. அக்சஸில் 64 வரை இடம் இருக்கிறது. நிர்ப்பந்தம் விலகிய பிறகும் 'டிடி', 'என்எம்', 'ஏஎம்டி' என்று எழுதிக்கொண்டிருப்பதற்கு நான் நியாயம் எதுவும் காணவில்லை.

மிகச் சுருங்கிய பெயர்கள் இன்னொரு விதத்திலும் அபாயமானவை. 'நேம்' என்று ஒரு புலத்துக்குப் பெயரிட்டால், அக்சஸில் படிவத்துக்கும் அறிக்கைக்குமே 'நேம்' என்ற சொந்தப் பண்பு ஒன்று இருப்பதால், வாடிக்கையாளரின் பெயர் வர வேண்டிய இடத்தில் அறிக்கையின் பெயர் ஒவ்வொரு வரியிலும் அச்சாகி வருவதுண்டு. 'டேட்' என்பதோ அன்றைய தேதியைத் தரும் உள்ளமைந்த கட்டளை. மாற்றுப்பெயர் எழுதியும் பலன் தெரியாமல் மனம் சலித்துப்போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அட்டவணையில் அந்தப் புலத்துக்குத் 'தலைப்பு' என்ற பண்பு நிரப்பப்பட்டிருந்தால், வினவலைத் திறந்து பார்க்கும்போது மாற்றுப்பெயரை மறைத்துக்கொண்டு அந்தத் தலைப்பே மேலே நிற்கும். வினவலின் பண்புகளிலும் தலைப்பைத் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பெயர்கள் வேறுபட்டிருந்தும் வெளியே இரண்டும் 'விலை' என்றே தெரியும்.

நம் நாட்டில் இந்த விஷயத்துக்குப் பிரத்தியேகமான ஒரு முகம் இருக்கிறது. அயல்நாட்டு மாதிரிகளைப் பார்த்துக் கற்றவர்கள் 'ஃபர்ஸ்ட்நேம்', 'லாஸ்ட்நேம்' என்ற இரண்டு புலங்களை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து, தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் தாங்குகிற தமிழரிடம் நீட்டுகிறார்கள். 'லாஸ்ட்நேம்' கட்டத்தில் ஒருவர் தகப்பனார் பெயரை எழுதுகிறார், இன்னொருவர் முதலெழுத்தை எழுதுகிறார், பெண்களில் சிலர் கணவர் பெயரை எழுதுகிறார்கள். மாணவர் அட்டவணையையும் பெற்றோர் அட்டவணையையும் சேர்த்து மாற்றுச் சான்றிதழுக்கான படிவம் கட்டும்போது, இரண்டிலும் 'பெயர்' என்றும் 'லாஸ்ட்நேம்' என்றும் இருந்தால், எது பிள்ளையின் பெயர், எது தகப்பனார் பெயர், எது தாயார் பெயர் என்பதை அந்த ஒரு வினவலை எழுதினவரைத் தவிர வேறு யாரும் அறியார். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளை மேற்கொண்டு எங்கும் போய்ச் சேர வேண்டும்.

கணினிக் கல்வியில் வினவல் எழுதக் கற்பிக்கிறார்கள். மாற்றுப்பெயரையும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். பரீட்சையில், இணைத்த வினவலின் விடை சரியாக வருகிறதா என்று பார்ப்பதோடு, அதன் ஒவ்வொரு பத்தியின் பெயரும் யாருடையது, எந்தக் காலத்தியது என்பதை ஸ்பஷ்டமாகச் சொல்கிறதா என்றும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும் என்பேன். வேலை செய்து கொடுப்பவர்களிடமிருந்து கூட்டுறவுச் சங்கங்களும் பள்ளிக்கூடங்களும் சிறு வியாபாரிகளும் மென்பொருள் வாங்கும்போது, திரையின் வர்ணத்தையும் பொத்தான்களின் அழகையும் பார்த்துக் கையெழுத்திடுவதற்கு முன்னால், ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு தாள் கேட்டு வாங்க வேண்டும்: இந்தக் கட்டம் எந்த அட்டவணையிலிருந்து வருகிறது, இங்கே திருத்தினால் எங்கே மாறும், திருத்தக் கூடாதென்றால் பூட்டப்பட்டிருக்கிறதா என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளில் எந்தக் கட்டத்துக்கு எதிரிலாவது 'முகவரி' என்று மாத்திரம் எழுதியிருக்குமானால், யாருடைய முகவரி என்று கேட்டு, அதற்குப் பதில் எழுத்தில் வருகிறவரையில் கடைசித் தவணைப் பணத்தை நிறுத்தி வைக்க வாங்குகிறவருக்குப் பூரண உரிமை உண்டு.